கஞ்சி போட்ட கார்

எனக்குக் கடையில் போய் ஒரு சாமானைக் கேட்டு வாங்கத் தெரியாது. ஐம்பதைத் தொடப்போகிற ஆள் வெட்கமில்லாமல் இதைச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். வெட்கம்தான் காரணமே. கால்படி உளுந்து வாங்கப் போனால்கூட, கடைக்காரர் தானாக நிமிர்ந்து "என்ன வேணும்?" என்று கேட்கும்வரை தூணோடு தூணாக நிற்பேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் உளுந்தை வாங்கிப் போய், ஊறவைத்து, ஆட்டி, தோசையே சுட்டிருப்பார்கள்.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு, யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஊர் ஊராகப் போய் ரப்பர் கேட்க நான் புறப்பட்டேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அதில் போனது ஒரு உத்தியோகம், ஒரு கல்யாணம், ஒரு மாப்பிள்ளையின் பட்டுக்கரை வேட்டி.

நாங்கள் ராசிபுரத்தில் தறி நெய்கிற குடும்பம். எனக்குத் தறியில் உட்காரப் பிடிக்கவில்லை. எட்டாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு சேலத்தில் ஒரு பஸ்ஸில் கிளீனராக ஒட்டிக்கொண்டு, வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டேன். (டிரைவர் வேலையில் யாரிடமும் பேச வேண்டியதில்லை, ரோட்டைப் பார்த்தால் போதும். அதுதான் எனக்கு அதில் பிடித்தது.) யுத்தம் வந்து பெட்ரோலுக்குப் பஞ்சமானதும் அந்த பஸ் நின்றது. நான் திரும்பவும் தறிக்குழிக்கே வந்து சேர்ந்தேன்.

எடப்பாடியில் என் தாய்மாமன் இருந்தார். அவருக்கு ருக்குமணி என்று ஒரு பெண். அவளோடு நான் அதுவரை பேசியது ஒரே ஒரு வார்த்தை. அவள் "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டாள், நான் "வேண்டாம்" என்றேன். எடப்பாடி வரை சைக்கிள் மிதித்துப் போயிருந்த எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை வைத்தே நான் மனதுக்குள் இரண்டு பிள்ளைகள் வரை குடும்பம் நடத்திவிட்டேன்.

மாமன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "மாப்பிளே, நானும் தறிக்காரன், எங்கப்பனும் தறிக்காரன். எம்பொண்ணாச்சும் நூல் சுத்தாம இருக்கோணும். நீ டிரைவரு உத்தியோகத்துல உக்காரு, தை மாசமே முகூர்த்தம் வெச்சுருவேன். இல்லாட்டி என்னை ஒண்ணும் கேக்காதே."

அந்த உத்தியோகம் எங்கள் ஊரிலேயே ஒன்று இருந்தது. நூல் வியாபாரம் செய்த முதலாளி ஒருவர், ஏற்காட்டுத் தோட்டத் துரையிடமிருந்து முன்பு வாங்கிய ஒரு பழைய மூடு காரை வைத்திருந்தார். பல வருஷம் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்த வண்டி. மகள் கல்யாணத்துக்காக அவசரமாக வெளியே எடுத்தார். ஆவணி மாதத்துக் கல்யாணம். ஊர்வலத்தில் மழை பிடித்துக்கொண்டது. கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பர் எப்போதோ உதிர்ந்துபோயிருந்ததால், தண்ணீர் வெளியே பெய்ததைவிட உள்ளே அதிகமாகப் பெய்தது. ஈரோட்டுச் சம்பந்தியம்மாள் வண்டிக்குள் குடை பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். இறங்கி, கூட்டத்துக்கு நடுவே, "கல்யாணமெல்லாம் நெம்ப ஜோருங்க. காருக்குள்ளதான் கொடை வேணுமாட்ட இருக்குது" என்றார்.

முதலாளிக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. வண்டியைச் சேலத்துக்கு அனுப்பி இன்ஜினைப் பிரித்துப் பூட்டினார். தகரத்தைத் தட்டி எடுத்து, பச்சை வர்ணம் பூசி, மெத்தையை மாற்றி, புது மாப்பிள்ளையைத் தலைதீபாவளிக்கு இதே காரில் அழைத்துவருவது என்று முடிவு கட்டினார். பெட்ரோல் கூப்பனைச் சேர்த்து வைத்தார். எல்லாம் ஆயிற்று. ஆகாதது ஒன்றுதான்: பீடிங். கதவைச் சாத்தினால் நசுங்கி இடுக்கை அடைத்துக்கொள்கிற அந்த ரப்பர் பட்டைக்குத்தான் அந்தப் பெயர். பழைய டிரைவர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ரங்கா, தீபாவளி மழை எப்படிப் பெய்யும்னு உனக்குத் தெரியும். ஒரு சொட்டு உள்ள வரப்படாது. நீ பீடிங் தேடிப் போட்டுட்டா, இந்த வண்டி உனக்குத்தான். காக்கிச் சட்டைக்கு இன்னைக்கே அளவு குடுத்துரு."

நான் தலையை ஆட்டினேன். அளவு கொடுத்தேன். சட்டையும் தைத்து வந்தது. பீடிங்தான் வரவில்லை.

முதலில் சேலம் கடைவீதியில் மோட்டார் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். காலையில் போய் நின்றவனை மத்தியானம் கடையைச் சாத்தும்போதுதான் கடைக்காரர் பார்த்தார். (என்னை அதுவரை பக்கத்துக் கடை ஆள் என்று நினைத்திருக்கிறார்.) நான் இடுப்பிலிருந்து பழைய ரப்பர் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"இதுவா?" என்று சிரித்தார். "ரப்பர் வர்ற ஊரெல்லாம் ஜப்பான்காரன் கையில இருக்குது தம்பி. நேரா அவன்கிட்டப் போயி, இன்னாருக்கு ஒரு முப்பது முழம் வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க."

கேட்டு வாங்குவது என்றாலே எனக்கு ஆகாது. அதிலும் ஜப்பான்காரனிடம்.

ஓமலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் செத்த பஸ் ஒன்று கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். முதலாளியின் சைக்கிளில் மிதித்தேன். பஸ் இருந்தது. தோட்டக்காரர் அதில் கோழி வளர்த்தார்.

"ரப்பருங்களா? அது போன வருசமே கெணத்துல தண்ணி எறைக்கற கவலைப் பறி ஒழுகுதுன்னு அறுத்துக் கட்டிப்போட்டமுங்க. பின்னாடிக் கதவுல மட்டும் கொஞ்சம் இருக்குமாட்டிருக்குது. ஆனா மெதுவாத் தொறங்க சாமி, கோழி அடை படுத்திருக்குது."

மெதுவாகத்தான் திறந்தேன். ரப்பரைத் தொட்டேன். தேங்குழல் முறுக்கு மாதிரி கையில் நொறுங்கியது. அந்தச் சத்தத்துக்குக் கோழி எழுந்து என் முகத்தில் பறந்தது. முட்டையில் இரண்டு உடைந்தன. தோட்டக்காரர் என்னைத் திட்டவில்லை. "பரவால்லீங்க, போயிட்டு வாங்க" என்று மரியாதையாகச் சொன்னார். திட்டியிருந்தால் வீடு வரைக்கும் நிம்மதியாக மிதித்திருப்பேன்.

நாமகிரிப்பேட்டையில் நடந்ததைச் சொல்லவே கூசுகிறது. அங்கே வைத்தியம் பார்க்க வந்த ஒரு டாக்டரின் கார், ஒரு வீட்டுக்கு முன்னால் நின்றது. கிட்டத்தட்ட எங்கள் வண்டியின் ஜாதி. அதன் கதவில் ரப்பர் கொழுகொழுவென்று இருந்தது. பட்டினி கிடந்தவன் பலகாரக் கடையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். நான் திருட நினைக்கவில்லை. எவ்வளவு பருமன், எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு நூலை எடுத்து அளந்தேன். ஒரு தடவை தடவியும் பார்த்தேன். அந்த ஒரு தடவையில்தான் பிடிபட்டேன்.

"டாக்டரய்யா, ஒருத்தன் உங்க காரைத் தடவிக்கிட்டு நிக்கறானுங்க!"

கூட்டம் கூடியது. டாக்டர் வந்தார். "யாரப்பா நீ? என்ன பண்றே?"

"அளவுங்க" என்றேன்.

டாக்டர் என் கையிலிருந்த நூலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஓ, தையல்காரரா? ஜன்னலுக்குத் திரை தைக்க ஆள் அனுப்பச் சொல்லியிருந்தேன். அளந்துக்கோ, அளந்துக்கோ" என்றார். நான் நான்கு ஜன்னலையும் அளந்தேன். உள்ளேயிருந்து மோர் வந்தது. குடித்தேன். "நீலத் துணி" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்தத் திரைக்காக அவர் எத்தனை நாள் காத்திருந்தாரோ. அதன் பிறகு நாமகிரிப்பேட்டை வழியாகப் போக வேண்டியிருந்தால் நான் சுற்றுவழியில்தான் போவேன்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. வீட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் அண்ணி தறிக்குப் போகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். நூல் விறைப்பாக நிற்க வேண்டும் என்றால் கஞ்சியில் தோய்த்துத் தெருவில் நீட்டிக் காயவைக்க வேண்டும். பாவு காய்கிற நேரத்தில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரு கண் வானத்தில்தான் இருக்கும். ஒரு சொட்டு விழுந்தால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவன்கூட எச்சில் கையோடு ஓடிவந்து சுருட்டுவான். நானே அப்படி நூறு தடவை ஓடியிருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துவிட்டேன்.

அண்ணியின் பக்கத்தில் கஞ்சியில் விழுந்து காய்ந்த ஒரு துணி முறுக்கு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். வழவழப்பாக, விறைப்பாக, அழுத்தினால் கொஞ்சம் அமுங்குவதாக இருந்தது. எனக்குள் விளக்கு எரிந்தது. (எரிந்தது விளக்கு அல்ல, வீடு என்று பின்னால் தெரிந்தது.)

தறியில் விரல் அகலப் பட்டை நெய்தேன். உள்ளே கழிவு நூலை முறுக்கித் திணித்தேன். அரிசிக் கஞ்சியை அல்வாப் பதத்துக்குக் காய்ச்சி, விளக்குக் கரியைக் குழைத்து, மூன்று தடவை தோய்த்து மூன்று தடவை வெயிலில் காயவைத்தேன். அண்ணி உதவி செய்தாள். செய்துகொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன் தம்பி, இது மழையில நனையாதா?"

அதற்கு நான் சொன்ன பதிலை அவள் சாகும்வரை மறக்கவில்லை. "மழை உள்ள வராம இருக்கறதுக்குத்தானுங்க அண்ணி இதையே வெக்கறது? பொறவு இது எப்படி நனையும்?"

அண்ணி கொஞ்ச நேரம் யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்றாள். எங்கள் குடும்பத்தின் மொத்த அறிவும் அன்று அந்த வாசலில்தான் இருந்தது.

புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, நான்கு கதவுகளுக்கும் ஒட்டினேன். முதலாளி வந்து கதவைச் சாத்தினார். 'தப்' என்று கனமாக ஒரு சத்தம். இன்னொரு தடவை சாத்தினார். நான்கு கதவையும் சாத்திச் சாத்திக் கேட்டார். சங்கீதம் கேட்பவர்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கடா கெடச்சுது?"

தரையைப் பார்த்தேன். முதலாளி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சொல்லாதே. கள்ளச் சரக்குன்னா எனக்குத் தெரியவே வேண்டாம். நீ காரியக்காரன்டா." பிறகு மூக்கை உறிஞ்சினார். மூடிய வண்டிக்குள் கஞ்சி லேசாகப் புளித்திருந்தது. "சீமை ரப்பருன்னா இப்படித்தான் வாசம் வருமாட்டிருக்குது" என்றார்.

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'கஞ்சிங்க' என்று ஒரு சொல். அதற்குத் துணிச்சல் இல்லாமல் தலையை ஆட்டினேன். அன்று சாயங்காலமே எடப்பாடிக்குச் சேதி போயிற்று. தையில் முகூர்த்தம் பார்ப்பதாக மாமனிடமிருந்து பதிலும் வந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம், சேலம் ஜங்ஷனில் ஈரோட்டு ரயில் வந்தது. மாப்பிள்ளை புது வக்கீல். தந்த நிறத்தில் கோட்டு, பட்டுக்கரை வேட்டி. அவரும் முதலாளியின் மகளும் பின்னால் உட்கார்ந்தார்கள். முதலாளி முன்னால், என் பக்கத்தில். நான் காக்கிச் சட்டையில்.

மல்லூர் தாண்டியதும் மழை பிடித்தது. சும்மா மழை அல்ல. குடத்தைக் கவிழ்த்த மாதிரி. முதலாளி பின்னால் திரும்பினார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, ஒரு சொட்டு உள்ள வருதுங்களா?"

"இல்லீங்க மாமா. வெளிய இப்பிடி ஊத்துது, உள்ள ஊட்டுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குதுங்க."

"ஊட்டுல அம்மாகிட்டயும் இதைச் சொல்லுங்க" என்றார் முதலாளி. அவர் குரல் தழுதழுத்தது. என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். என் வாழ்க்கையில் நான் உச்சியில் இருந்தது அந்த இரண்டு மைல்தான்.

மூன்றாவது மைலில் மாப்பிள்ளை மூக்கைச் சுளித்தார். "மாமா, எங்கயோ சோறு வடிக்கறாங்களாட்ட இருக்குதுங்க."

"நாளைக்குத் தீபாவளி இல்லீங்களா? ஊரெல்லாம் அடுப்பு எரியுதுங்க" என்றார் முதலாளி. (வண்டி அப்போது ஊரே இல்லாத வெறுங்காட்டில் போய்க்கொண்டிருந்தது.)

பாவு நனைந்தால் வருகிற வாசனை எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து முகர்ந்த வாசனை. இத்தனை நாள் மறந்திருந்த அந்த விஷயம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுருட்டி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று கைகால் துடித்தது. காரை எப்படிச் சுருட்டுவது?

"அப்பா, மேல என்னமோ சொட்டுதுங்க" என்றாள் மகள். "கருப்பா, கொழகொழன்னு."

முதல் சொட்டு மாப்பிள்ளையின் கோட்டுத் தோளில். இரண்டாவது அவர் மடியில். அதற்குப் பிறகு எண்ணுவதற்கில்லை. கரிக் கஞ்சி கதவோரமெல்லாம் வழிந்தது. உள்ளே திணித்த நூல் விளக்குத்திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி உள்ளே கொண்டுவந்து கொடுத்தது. ரப்பரே இல்லாதபோது மழை மட்டும்தான் வந்தது. இப்போது சாப்பாட்டோடு வந்தது.

ராசிபுரத்துக்குத் திரும்புகிற இடத்தில், சந்தையிலிருந்து வந்த மாட்டு வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. காரை நிறுத்தினேன்.

"இறங்குங்க மாப்பிள்ளை, மொதல்ல இறங்குங்க!" என்று முதலாளி கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. உள்ளே திணித்த நூல் ஊதி, பசை இளகி, இடுக்கில் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிட்டது. மாப்பிள்ளை தோளால் இடித்தார். மகள் காலால் உதைத்தாள். நான் வேலை செய்வதுபோல் பாவனை செய்தேன்.

"கதவு ஏன்டா தொறக்க மாட்டேங்குது?"

பதில் வெளியிலிருந்து வந்தது.

ஒரு வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த கறவை மாடு, மழையில் நனைந்துகொண்டே எங்கள் கார் பக்கம் மூக்கை நீட்டியது. முகர்ந்தது. மாப்பிள்ளை பக்கத்துக் கதவை அடியிலிருந்து மேல்வரை ஒரு நக்கு நக்கியது. பிடித்துப்போயிற்று. அடியில் பிரிந்து தொங்கிய பட்டை முனையை வாயில் வாங்கி, கண்ணை மூடி, சவைத்து, இழுத்தது. பாவு நூல் பிரிவதுபோல் பட்டை சரசரவென்று வந்தது. மாட்டின் வாய் முழுக்கக் கரி. பட்டை முழுவதும் போனதும் கதவு தானாகத் திறந்து, அதில் சாய்ந்திருந்த மாப்பிள்ளை சேற்றில் விழுந்தார்.

முதலாளி மாட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன்டா ரங்கா, ரப்பரை மாடு திங்குமாடா?"

"அது ரப்பர் இல்லீங்க."

"பொறவு?"

"கஞ்சிங்க."

கேட்ட கேள்விக்கு நான் உடனே, சத்தமாக, தெளிவாகப் பதில் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். முதலாளியின் மகள் முதலில் சிரித்தாள். வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். சேற்றிலிருந்து எழுந்த மாப்பிள்ளைகூடச் சிரித்தார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு போய்ச் சேர்வதற்குள் மழை விட்டு, வெயில் வந்து, கஞ்சி காய்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் வேட்டியைக் கழற்றி மூலையில் வைத்தார்கள். அது விழவில்லை, நின்றது. தலைமுடி சீப்புக்கு அசையவில்லை. மறுநாள் விடியற்காலையில் தலைதீபாவளிக்கென்று வைத்திருந்த எண்ணெயும் சீயக்காயும் அன்று சாயங்காலமே செலவாயிற்று. முதலாளியின் மனைவி அழுதார். "நாளைக்கு ஊத்த வேண்டிய தண்ணியை இன்னைக்கே ஊத்த வெச்சுட்டானே பாவி!" ஈரோட்டிலிருந்து சம்பந்தியம்மாள் என்ன சொல்லியனுப்பினார் என்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே தெரிந்தது.

தீபாவளி கழித்து மூன்றாம் நாள் காக்கிச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். என் அம்மா பாவம், கொடுப்பதை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று துவைத்து மடித்துக் கொடுத்திருந்தாள். முதலாளி வாங்கினார். தட்டிப் பார்த்தார். அது பலகை மாதிரி 'டொக்' என்றது.

"இதுக்குமா?" என்றார்.

எடப்பாடி மாமன் கோபப்படவில்லை. "மாப்பிளே, இவ்வளவு நல்லாக் கஞ்சி போடத் தெரிஞ்சவன் தறியை விடலாமா?" என்றார், அவ்வளவுதான். தையில் முகூர்த்தம் நடந்தது. மாப்பிள்ளை மட்டும் வேறு. சேலத்தில் பஸ் டிரைவர். நான் பந்தலில் பந்தி விசாரித்தேன். ருக்குமணி மணவறையிலிருந்து இறங்கி வரும்போது என் முகத்தைப் பார்த்து, "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டாள். "வேண்டாம்" என்றேன். அன்றைக்கும் தாகம்தான்.

அதற்கப்புறம் தறியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் கல்யாணம் ஆயிற்று. கதை எனக்கு முன்னாலேயே பெண் வீட்டுக்குப் போயிருந்தது. என் தலைதீபாவளிக்கு மாமியார் வீட்டு வாசலில் தூறல் விழுந்ததும், மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "மாப்பிள்ளையைச் சீக்கிரம் உள்ள கூட்டியாங்க, கரைஞ்சுரப் போறாரு!" இன்றும் வானம் கறுத்தால் என் மனைவி பாவைச் சுருட்டிவிட்டு அடுத்ததாக என்னைத்தான் தேடுவாள். வாசலில் மாடு நின்றால், "அப்பா, உங்க ரப்பரைக் கேட்டு வந்திருக்குது" என்று பிள்ளைகள் கத்துவார்கள்.

இப்போதெல்லாம் சேலம் கடைவீதியில் கார்க் கதவு ரப்பரைப் பூ மாதிரி முழம்போட்டுக் கொடுக்கிறார்கள். போன மாதம் அந்தக் கடைக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். கடைக்காரப் பையன் தானாகவே கேட்டான். ஒரு முழம் வாங்கினேன். எங்களிடம் கார் கிடையாது, வரப்போவதும் இல்லை. வீட்டுக்கு வந்து அதை ஒரு வாளித் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்தேன். ஊதவில்லை. கரையவில்லை. கறுப்பும் போகவில்லை.

நாலாம் நாள் என் மனைவி அதை வாளியிலிருந்து எடுத்தாள். கொண்டுபோய் எங்கள் மாட்டின் முன்னால் போட்டாள். மாடு முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்ன இருந்தாலும், நீங்க செஞ்சது மாதிரி வராதுங்க" என்றாள்.